புகை வராத வியாழக்கிழமை

பெனஹாரா கிராமம்,
மேல்வரிசைக் குகைகள்,
கிரனாடா மாகாணம், ஸ்பெயின்.
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ரோசலிண்டுக்கு, உயிரோடிருக்கும் உன் அப்பா வில்ஃப்ரெட் எழுதிக்கொள்வது.

நான் இங்கே நலமாக இருக்கிறேன். மற்றவர்கள் இந்த வரியைச் சம்பிரதாயத்துக்காக எழுதுவார்கள். போன வியாழக்கிழமைக்குப் பிறகு நான் இதைச் சாட்சி சொல்வதுபோல எழுத வேண்டியிருக்கிறது. உன் நலமும், மாப்பிள்ளை டங்கன் நலமும், பிள்ளைகள் நலமும் அறிய ஆசை. அங்கே இங்கிலாந்தில், ஹாலிஃபாக்ஸில், மழை பெய்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு வேறென்ன வேலை.

போனில் பேச வேண்டியதைக் கடிதமாக எழுதுகிறானே என்று கோபித்துக்கொள்ளாதே. மலைக்குள் இருக்கிற வீட்டில் சிக்னல் வராது. கூரை மேல், அதாவது மலை மேல் ஏறி, என் புகைபோக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றால்தான் உன் குரல் எனக்குக் கேட்கும். நான் கத்தினால்தான் என் குரல் உனக்குக் கேட்கும். உனக்குக் கேட்கிற அளவுக்குக் கத்தினால் பெனஹாரா முழுவதற்கும் கேட்கும். போன மாதம் என் வயிறு சரியாகப் போகிறதா என்று நீ விசாரித்தாய். நான் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு, மறுநாள் ரொட்டி வாங்கப் போன இடத்தில் மூன்று பேர் அத்திப்பழம் சாப்பிடச் சொன்னார்கள். நீ இப்போது கேட்டிருக்கிற கேள்விக்கு அப்படிக் கத்திப் பதில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

முதலில் வியாழக்கிழமை விஷயத்தை முடித்துவிடுகிறேன். நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய மின்சாரப் போர்வை நல்ல போர்வை. அதன்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மலைக்குள் வருஷம் முழுக்க ஒரே வெப்பம் என்று இந்த வீட்டை விற்றவன் சொன்னான். ஒரே வெப்பம்தான், அது என்ன வெப்பம் என்று நானும் உன் அம்மாவும் கேட்காமல் விட்டுவிட்டோம். புதன்கிழமை உன் போர்வையை முதன்முதலாகச் செருகிப் படுத்தேன். உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது என்பது உனக்குத் தெரியும். விடிந்தாலும் மதியமானாலும் அங்கே ஒரே நேரம்தான், விளக்கை அணைத்த நேரம். உன் அம்மா ஏவ்ரில் உயிரோடு இருந்தவரை காலையில் அவள் முன்னறைக்குப் போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, "வில்ஃப், உலகம் இன்னும் இருக்கு, வந்து பாருங்க" என்று குரல் கொடுப்பாள். அவளுக்குப் பிறகு என்னை எழுப்பிக்கொண்டிருந்தது குளிர் ஒன்றுதான். அதையும் உன் போர்வை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. நான் தூங்கினேன் ரோஸ், கல்யாணமான புதிதில்கூட அப்படித் தூங்கியதில்லை.

நான் தூங்கிக்கொண்டிருந்தபோது வெளியே நடந்ததைப் பிறகு பல பேர் பல விதமாகச் சொன்னார்கள். அதை ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன். இந்த மேல்வரிசையில் காலையில் யாரும் யார் கதவையும் தட்டி நலம் விசாரிப்பதில்லை. மலையில் ஏறிப் புகை பார்ப்பார்கள். நீ வந்திருந்தபோது, வெள்ளையடித்த பானைகளை மண்ணில் நட்டு வைத்த மாதிரி இருக்கிறதே என்று படமெடுத்தாயே, அந்தப் புகைபோக்கிகள்தான். குளிர்காலத்தில் காலைப் பூசை மணி அடிப்பதற்குள் ஒவ்வொன்றிலும் புகை வந்துவிட வேண்டும். வந்தால் ஆள் இருக்கிறார், எழுந்துவிட்டார், அடுப்பு மூட்டியிருக்கிறார், காபி கொதிக்கிறது. வராவிட்டால் போய்ப் பார்க்க வேண்டும். என் புகையைப் பார்க்கிறவர் பக்கத்து வீட்டு செஃபெரினோ. தினமும் தன் ஆடுகளை என் படுக்கைக்கு மேலே ஓட்டிக்கொண்டு போகிறவர் அவர்தான்.

வியாழக்கிழமை அவர் ஆடுகளோடு மேலே வந்து பார்த்தால் என் பானையில் புகையில்லை. கீழே இறங்கி வந்து கதவைக் கைத்தடியால் இடித்திருக்கிறார். நான் இரண்டு அறை தாண்டி, மலைக்குள், போர்வைக்குள். ஒரு சத்தமும் கேட்கவில்லை. ரொட்டி வண்டி ஓட்டி வரும் ரெமெதியோஸிடம், "இங்கிலீஷ்காரன் வீட்ல புகையைக் காணோம்" என்று சொல்லியிருக்கிறார். அவள் காபிக்கடையில் போய், "வில்பிரெடோ எந்திரிக்கலையாம்" என்று சொல்லியிருக்கிறாள். காபிக்கடைக்காரன் கோயில் வரைக்கும் ஓடி, மணியடிக்கிற இந்தலேசியோவிடம், "எந்திரிக்க மாட்டாராம்ப்பா" என்று சொல்லியிருக்கிறான். இந்தலேசியோவுக்குக் காது மந்தம், கை வேகம். சாவு மணியை அடிக்க ஆரம்பித்துவிட்டான்.

நான் எழுந்தது மணியால் இல்லை. இந்த வயதில் எல்லா ஆண்களையும் எது எழுப்புமோ அதுதான் என்னையும் எழுப்பியது. தோளில் உன் போர்வையைப் போர்த்திக்கொண்டு, அதன் ஒயர் பின்னால் தரையில் இழுபட, முன்கதவைத் திறந்தேன். சூரியன் உச்சியில். வாசலில் கறுப்பு உடுத்திய கூட்டம். ரெமெதியோஸ் பெரிய குண்டான் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இந்த ஊரில் சாவு மணி கேட்டால் தொப்பியைக் கழற்ற வேண்டும். தொப்பி இல்லாததால் போர்வையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு மரியாதையாகத்தான் கேட்டேன்.

"அய்யோ பாவம். யாரு போயிட்டாங்க?"

"நீங்கதான்" என்றாள் ரெமெதியோஸ். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. அவள் போட்ட அலறலில் ஆடுகள் மலையிலிருந்து இறங்கி ஓடின. குண்டானை மட்டும் விடவில்லை. இந்த ஊர்ப் பெண்கள் எதற்காகவும் சூப்பைக் கீழே கொட்ட மாட்டார்கள்.

அடுத்த ஊரிலிருந்து வந்திருந்த டாக்டர், வந்தது வந்தாகிவிட்டது என்று என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். செஃபெரினோ கதவை உடைக்கக் கோடாலியோடு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அதை வீசி எறிந்துவிட்டு, மகளுக்கு எழுத முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு ஆடுகளைத் தேடிப் போய்விட்டார். கண் சிவந்திருந்தது. புகை பட்டிருக்கும் என்று நினைத்தேன். அப்புறம்தான், அன்றைக்குப் புகையே இல்லையே என்று தோன்றியது.

நான் நேராகக் கோயிலுக்குப் போனேன், பைஜாமாவோடு. இந்தலேசியோ கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான்.

"நிறுத்துப்பா. நான் சாகலை."

"அடிச்சாச்சே அய்யா" என்றான், கயிற்றை விடாமல்.

"அப்போ பொழைச்சிட்டார்னு ஒரு மணி அடி."

"அதுக்கு மணி கிடையாது. கல்யாணத்துக்கு இருக்கு, காட்டுத் தீக்கு இருக்கு, சாவுக்கு இருக்கு. பொழைச்சதுக்கு எங்க அப்பா காலத்துலயும் இல்லை. நீங்க வேணா நாலு நாள் தெருவுல நடங்க, எல்லாரும் பாத்துக்குவாங்க."

அப்படித்தான் நாலு நாளாக நடந்துகொண்டிருக்கிறேன். ஆலிவ் தோப்பிலும் பாதாம் தோப்பிலும் இருந்தவர்களுக்கு மணி மட்டும் கேட்டதே தவிர, திருத்தம் போய்ச் சேரவில்லை. என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். ரெமெதியோஸின் தங்கை மகள் லோலிக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் உன்னைக் கூப்பிடும் பொறுப்பு அவளிடம் போனது. "உங்க அப்பா முடிஞ்சுட்டார்" என்று அவள் சொன்னாளாம். நீ செருப்புக்கடையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய் என்று டங்கன் பிறகு சொன்னார். அதைக் கேட்டு என் மனசு என்ன பாடுபட்டது என்று எழுதத் தெரியவில்லை. லோலி கூப்பிட்டது தெரிந்ததுமே நான் ஓடிப்போய்க் கூரை மேல் ஏறி, "ரோஸ், அப்பா பேசறேன்" என்றேன். நீ கத்திவிட்டு வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி கத்தினாய். மூன்றாம் முறை டங்கன் எடுத்து, "எங்கிருந்து பேசறீங்க மாமா?" என்று நடுங்கும் குரலில் கேட்டார். மேலேயிருந்து என்றேன். நான் சொன்னது உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாம்.

சாவு வீட்டில் அடுப்பெரியக் கூடாது, அக்கம்பக்கம்தான் சமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது இங்கே பழக்கம். ஏவ்ரில் போனபோது அப்படித்தான் என்னைக் காப்பாற்றினார்கள். இப்போது செய்து கொண்டுவந்த சூப்பைத் திரும்ப எடுத்துப் போக யாருக்கும் மனசு வரவில்லை. எடுத்துப் போனால் சாவை வீட்டுக்குக் கூட்டிப் போன மாதிரியாம். ஆக என் கருமாதிச் சாப்பாட்டை நானே மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். கொண்டைக்கடலை போட்ட கோழி சூப், பன்றி எலும்பு சூப், மறுபடி கோழி. ஒவ்வொரு குண்டானுக்கும் போய் நன்றி சொல்ல வேண்டும். என்ன சொல்லி நன்றி சொல்வது என்று என் ஸ்பானிஷ் பாடப்புத்தகத்தில் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அன்று சாயங்காலம் ரெமெதியோஸ் வந்து, "வில்பிரெடோ அய்யா, கொத்தனார் கல்லறைக்குப் போயிட்டாரு, அவருக்கு யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை. நானே போனேன். சவப்பெட்டியைப் பொந்துக்குள் வைத்துப் பூசிவிடும் கல்லறைச் சுவரில் உன் அம்மா இருக்கிற இடம் உனக்கு நினைவிருக்கும், மூன்றாவது வரிசை, ஓரத்தில். அதற்குப் பக்கத்துப் பொந்தை எனக்கென்று சொல்லி வைத்திருந்தேன். கொத்தனார் அதன் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த குருவிக் கூட்டை எடுத்துப் போட்டு, சுத்தமாகப் பெருக்கி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பயப்படவில்லை. கொஞ்சம் ஏமாந்த மாதிரிதான் இருந்தார். "சரி, கலவையை ஆட்டுப்பட்டிச் சுவருக்குப் பூசிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மட்டும் நின்றேன். குனிந்து உள்ளே பார்த்தேன். இப்போது இருக்கிற வீட்டின் உள்ளறைக்கும் அதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. அங்கேயும் ஜன்னல் இல்லை. பயம் வரவில்லை ரோஸ். அலுப்புதான் வந்தது. ஏவ்ரிலின் பெயர் பொறித்த பலகையைத் துடைத்தேன், ஹார்கிரீவ்ஸ் என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருப்பதை வழக்கம்போல விரலால் தடவிப் பார்த்தேன், வீட்டுக்கு வந்து சூப் குடித்தேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கார் நிறுத்துமிடத்துக்கு மேலே எனக்கென்று அறை கட்டி, கட்டில் போட்டு, குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பியெல்லாம் வைத்துவிட்டதாகச் சொன்னாய். "அப்பா, இருக்கிறது மலையில ஒரு ஓட்டைக்குள்ள. அதுவும் தனியா. இதுக்கு மேல என்னால தாங்க முடியாது, வந்துடுங்க" என்று அழுதாய். அழுதது மலையில் எதிரொலித்தது என்று செஃபெரினோகூடச் சொன்னார்.

நான் வர முடியாது ரோஸ். தெளிவாகவே எழுதிவிடுகிறேன். வர முடியாது.

வீடு மோசம் என்கிறாய். மோசம்தான், இல்லை என்று நான் சொன்னேனா? வந்த புதிதில் நடந்த பெயிண்ட் கதையை டங்கன் இன்னும் விருந்துகளில் சொல்லிச் சிரிப்பதாகக் கேள்வி. சிரிக்கட்டும். யார்க்‌ஷயர் முழுக்க வீட்டுச் சுவர்களில் ஈரம் ஏறாமல் அடைத்துக் கொடுத்தே காலம் தள்ளியவன் நான். வந்து இறங்கியதும் குகைச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது, கை சும்மா இருக்குமா? ஊரிலிருந்து கொண்டுவந்த ஈரத்தடுப்புப் பெயிண்டை டின் டின்னாக எல்லா அறைக்கும் அடித்தேன். இங்கே சுண்ணாம்பைத் தவிர எதையும் பூச மாட்டார்கள், மலை மூச்சுவிட வேண்டுமாம். எனக்கு அதைச் சொன்னார்கள்தான். எனக்கு அப்போது தெரிந்த ஸ்பானிஷுக்கு, மலைக்கு ஆஸ்துமா என்று ஏதோ சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். இரண்டு மழை பெய்தது. மலைக்குள் இருந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் பெயிண்டுக்குப் பின்னால் சேர்ந்து, சுவரெல்லாம் தொப்பை போட்டுவிட்டது. நிறைமாத கர்ப்பிணி மாதிரி ஒரு சுவர். ஊரே வரிசையில் வந்து ஆளுக்கொரு தொப்பையை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனது. பெரிய தொப்பை ஒரு நாள் சாப்பிடும்போது உடைந்தது. ஏவ்ரில் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றபடி செஃபெரினோவின் மனைவியிடம் சொன்னாள்: "ஊரார் வீட்டு ஈரத்தையெல்லாம் தொரத்தினவர்; கோவிச்சுக்கிட்டு எல்லாம் எங்க வீட்டுக்கு வந்துடுச்சு." அவள் சொன்ன முதல் முழு ஸ்பானிஷ் வாக்கியம் அது. அன்று அவர்கள் இருவரும் சிரித்த சிரிப்பில்தான் இந்த ஊர் எங்களைச் சேர்த்துக்கொண்டது.

ஆக, வீட்டுக்காக நான் இங்கே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. உன் அம்மாவுக்காகவும் இல்லை. அவள் எங்கே இருக்கிறாள், எங்கே இல்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வரமுடியாததற்குக் காரணம் செஃபெரினோ.

நீ அவரை ஆடு மேய்க்கிற தாத்தா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் என்னைவிட மூத்தவர், என்னைவிடப் பிடிவாதக்காரர். மனைவி இறந்துவிட்டாள். மகள் தோஞி சரகோசாவில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிடுவாள். அவரும் என் புகைபோக்கிப் பக்கத்தில் நின்றுதான் கத்துவார். மேல்வரிசையில் மற்ற குகைகள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. ஜெர்மன்காரர்கள் ஆகஸ்டில் வந்து, வெயிலைப் பார்த்துப் பயந்து, உள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். குளிர்காலத்தில் இந்த வரிசையில் புகைகிற பானைகள் இரண்டே இரண்டு. அவர் பானையை நான் பார்க்கிறேன், என் பானையை அவர் பார்க்கிறார். போன குளிரில் ஒரு நாள் அவர் பானையில் புகை வரவில்லை. நான் போய்ப் பார்த்தால் சமையலறைத் தரையில் கால் மடங்கிக் கிடந்தார். "இவ்வளவு நேரமாய்யா உனக்கு?" என்று என்னைத்தான் திட்டினார். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, ஆம்புலன்ஸ் வரும்வரை.

வியாழக்கிழமைக்குப் பிறகு இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. நேற்று ஆட்டுப் பால் கொண்டுவந்து மேசையில் டக்கென்று வைத்தார்.

"யோவ் வில்பிரெடோ. உன் போர்வையைக் கொளுத்திப் போடு. அதுலயாவது புகை வரும்."

"மகள் வாங்கிக் கொடுத்ததுய்யா."

"யார் வாங்கிக் கொடுத்தா எனக்கென்ன? உன் புகையைப் பாத்துட்டுத்தான் நான் காபி வைக்கிறேன். அன்னைக்குக் காபியே குடிக்கலை, தெரியுமா?"

இப்போது சொல் ரோஸ். நான் ஹாலிஃபாக்ஸுக்கு வந்து, ஒரு பொத்தானைத் திருகினால் சூடாகிற அறையில் உட்கார்ந்துகொண்டால், இங்கே அந்த மனுஷன் புகையை யார் பார்ப்பது? நான் போன மறுநாள் அவர் விழுந்தால் எத்தனை நாள் கழித்துத் தெரியும்? என் மகள் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷனைத் தரையில் விட்டுவிட்டு வந்தேன் என்று நான் எப்படிச் சாப்பிடுவேன்? என்னை நம்பி ஓர் ஆள் இருக்கிறார். இந்த வயதில் அது எத்தனை பேருக்கு வாய்க்கும்? அதனால் அந்த அறையை மூத்தவனுக்குக் கொடுத்துவிடு. கம்பி இருப்பதால் தொங்கி விளையாடுவான். டிக்கெட் எடுக்காதே. இதைப் பற்றி இனி எழுதவும் வேண்டாம், கூரையில் நின்று என்னைக் கத்தவைக்கவும் வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லு. பிள்ளைகளுக்கு முத்தம். நீ பதறாமல், இருமாமல், நடு ராத்திரியில் எழுந்து உட்காராமல், மகராசியாக இருக்க வேண்டும் என்று, மணியடித்துச் சாகடிக்கப்பட்டும் சாகாத ஒருவனுடைய ஆசீர்வாதம். அது கொஞ்சம் கூடுதலாகவே பலிக்கும் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா,
வில்ஃப்ரெட் ஹார்கிரீவ்ஸ்

பின்குறிப்பு: தபால் வண்டி நாளைக்குத்தான் வரும். இன்று திங்கள். கடிதத்தை ஒட்டி மேசைமேல் வைத்திருந்தேன், செஃபெரினோ வந்தார். மகளுக்கு என்ன எழுதினாய் என்று கேட்டார். மறைக்க என்ன இருக்கிறது என்று, உறையைக் கிழித்து, எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் கடைசிப் பகுதியை அவருக்குச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மனசு உருகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"எனக்காகவா இருக்கிறே?" என்றார்.

"பின்னே?"

"அட மடையா. நான் உனக்காகல்ல இருக்கேன்."

தோஞி இரண்டு வருஷமாகக் கூப்பிடுகிறாளாம். சரகோசாவில் லிஃப்ட் வைத்த வீடாம். ஒவ்வொரு ஞாயிறும் இவர் என் புகைபோக்கிப் பக்கத்தில் நின்றுகொண்டு, "எப்படிம்மா வருவேன், இந்த இங்கிலீஷ்காரனுக்கு நாதியில்லை, நான் போனா மூணு நாள்ல செத்துருவான்" என்று கத்தியிருக்கிறார். கீழே காபிக்கடையில் எல்லாருக்கும் தெரியும். நான் உள்ளே, மலைக்குள், உட்கார்ந்திருந்தேன்.

முதலில் சண்டை போட்டோம். யாருக்கு யார் நாதி என்று நன்றாகவே போட்டோம். நான் அவரைத் தரையிலிருந்து தூக்கியதைச் சொன்னேன், அவர் என் தொப்பைச் சுவரை இழுத்தார். பிறகு இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"உண்மையைச் சொல்லு. போகணும்னு இருக்கா உனக்கு?" என்று கேட்டார்.

நான் கிழிந்த உறையைத் தடவி நேராக்கினேன்.

"எனக்கு முட்டி வலிக்குதுய்யா" என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டு. "ஆட்டைக்கூட வேற ஒருத்தன் விலைக்குக் கேக்குறான். நீ இருக்கியேன்னுதான் அவன்கிட்ட முடியாதுன்னேன்."

அப்போது நானும் சொன்னேன். ஏவ்ரில் போனதிலிருந்து அந்த உள்ளறை இருட்டு எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். விளக்கைப் போட்டுக்கொண்டே தூங்குகிறேன் என்றும், அந்தப் புதன்கிழமை ராத்திரிதான் முதல் தடவையாக அணைத்தேன் என்றும் சொன்னேன். இதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. அவர் தலையாட்டினார். அவரும் விளக்கு போட்டுத்தான் தூங்குகிறாராம்.

முன்னால் யார் போவது என்று கேட்டால் இரண்டு பேரும் போக மாட்டோம். அதனால் ஒரே நாளில் போவதாகப் பேசியிருக்கிறோம். மார்ச் மாதம், முதல் சனிக்கிழமை. தோஞி அவரை அழைத்துப் போக வருவாள். நீ டங்கனை அனுப்பு. நீ வராதே, நீ வந்தால் நான் உன்னைப் பேசிச் சமாதானப்படுத்தித் திருப்பி அனுப்பிவிடுவேன். டங்கனிடம் முன்கூட்டியே சொல்லிவிடு: நான் வாசலில் நின்றுகொண்டு வர மாட்டேன் என்பேன். இந்தக் கடிதத்தில் மேலே எழுதியது அத்தனையும் அவரிடம் மறுபடி சொல்வேன், நன்றாகவே சொல்வேன், அவருக்கு அழுகைகூட வரும். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பெட்டியை எடுத்துக் காரில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகச் சொல்லு.